ஜான் லூக்காச்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒரு நூலை எடுத்துப் பேசுவது வழக்கம். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் லூக்காச்சைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேநீர் இடைவேளையில் கேட்டவை, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டவை எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

லூக்காச்னா அந்த மார்க்சிய விமர்சகர்தானே? நாவலைப் பத்தி எழுதினவரு?

அவர் ஜார்ஜ் லூக்காச் (1885–1971). தமிழ் இடதுசாரி விமர்சனத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் என்பதால் இந்தக் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருவரும் புடாபெஸ்ட்காரர்கள், அவ்வளவுதான், உறவுமுறை கிடையாது. ஹங்கேரியில் அது ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர். ஜார்ஜ் ஹங்கேரியின் 1919 கம்யூனிஸ்ட் புரட்சி அரசில் பதவி வகித்தவர். இவர் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுதாகப் பிடிப்பதற்கு முன்பே நாட்டை விட்டுக் கிளம்பியவர்.

ஒரு வேடிக்கை. ஜார்ஜ் வரலாற்று நாவல் என்ற வகையைப் பற்றி ஒரு முழுநூல் எழுதினார். ஜானோ எல்லா நாவலும் வரலாற்று நாவல்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, அப்ப இவர் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

1924 ஜனவரி 31-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா கத்தோலிக்க மருத்துவர், அம்மா யூதக் குடும்பத்துப் பெண். 1946-இல் அமெரிக்கா போனார். 1947 முதல் 1994 வரை பிலடெல்பியாவில் செஸ்ட்நட் ஹில் என்ற சிறிய கல்லூரியில் வரலாறு கற்பித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். 2019 மே 6-இல் பென்சில்வேனியாவில் தன் வீட்டில் இறந்தபோது வயது 95.

ஹங்கேரியில பிறந்தவரை அமெரிக்க வரலாற்றாசிரியர்னு எப்படிச் சொல்றது?

வாழ்ந்த 95 ஆண்டுகளில் 70-க்கு மேல் பென்சில்வேனியாவில் கழிந்தன. எழுதியது ஆங்கிலத்தில். அமெரிக்காவைப் பற்றியே பல நூல்கள் எழுதினார். அதில் பிலடெல்பியா நகரத்தைப் பற்றியது எனக்கு மிகவும் பிடிக்கும்: 1900 முதல் 1950 வரையிலான நகரத்தை ஏழு மனிதர்களின் சித்திரங்கள் வழியாகச் சொல்கிறார். அரசியல் பெரும்புள்ளி போய்ஸ் பென்ரோஸ், கட்டுரையாளர் ஆக்னஸ் ரெப்ளியர், ஓவியங்களை வாங்கிக் குவித்த ஆல்பர்ட் பார்ன்ஸ் என்று ஆட்கள் வருகிறார்கள். வந்தேறி ஒருவர் தான் குடியேறிய ஊரை இத்தனை நுணுக்கமாகப் பார்த்திருப்பது, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.

பிறந்த ஊரை மறக்கவும் இல்லை. 1988-இல் வந்த ‘புடாபெஸ்ட் 1900’ அந்த நகரம் உச்சத்தில் இருந்த ஓர் ஆண்டைப் பற்றியது. தெருக்களின் வெளிச்சம், காப்பிக் கடைகள், பத்திரிகைகள், மக்கள் பேசிய விதம் எல்லாம் அதில் உண்டு.

போர் சமயத்துல நிலவறையில ஒளிஞ்சிருந்தாராமே. நிஜமா, சும்மா கதையா?

நிஜம். அம்மா யூதர் என்பதால், கத்தோலிக்கராக வளர்ந்தும் ஹங்கேரி ராணுவத்தின் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கப்பட்டார். 1944 கடைசியில் ஜெர்மானியர்களும் அவர்களுடைய ஹங்கேரியக் கூட்டாளிகளும் யூதர்களை வேட்டையாடிக் கொண்டிருந்தபோது, படையிலிருந்து தப்பி ஒரு நிலவறையில் பதுங்கினார். செம்படை நகரத்தை முற்றுகையிட்டு, 1945 ஜனவரியில் பெஸ்ட் பகுதியைப் பிடித்தது. வெளியே வந்தபோது அவருக்கு 21 வயது நிரம்பவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில மாத இடைவெளியில் நாஜிகளையும் சோவியத் படையையும் நேருக்கு நேர் பார்த்தவர் அவர். இரண்டையும் ‘சர்வாதிகாரம்’ என்று ஒரே பெட்டியில் போட்டு மூடுவதை வாழ்நாள் முழுக்க மறுத்தார். அந்த மறுப்பு பின்னால் வரும் பல பதில்களில் தலைகாட்டும்.

பழமைவாதியா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

மற்றவர்கள் அவரைப் பழமைவாதி என்றார்கள். பழமைவாதப் பத்திரிகைகளில் நிறைய எழுதியிருக்கிறார். அவர் தன்னை அழைத்துக்கொண்டதோ ‘பிற்போக்குவாதி’ என்று. தமிழில் அது வசைச்சொல், ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேண்டுமென்றேதான் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். பழமைவாதி என்ற சொல்லை அமெரிக்காவில் யார் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம்.

அவருடைய கேள்வி எளிமையானது: பழமைவாதி என்றால் எதையாவது பேணிக் காக்க வேண்டும் அல்லவா? ஆற்றங்கரையை அழித்து வீட்டுமனை போடுகிறவன், கண்காணாத நாட்டில் போர் தொடுக்கத் துடிக்கிறவன், விண்வெளியிலும் ஆயுதம் வைக்கலாம் என்கிறவன், இவர்கள் எதைப் பேணுகிறார்கள்? ரொனால்ட் ரீகனை அமெரிக்க வலதுசாரிகள் கொண்டாடியபோது இவர் ஒதுங்கி நின்று முகம் சுளித்தார். 2003 ஈராக் படையெடுப்பை எதிர்த்தார். அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ராணுவ வீரர்கள் சல்யூட் அடிக்கும்போது அதிபர் பதிலுக்குச் சல்யூட் அடிக்கும் பழக்கம் ரீகன் காலத்தில் வந்தது, ஐசனோவர் போன்ற நிஜத் தளபதிகூட அதிபரானபின் அப்படிச் செய்ததில்லை, அதிபர் பதவி குடிமக்களுடையது என்பது அதன் சாரம். ஒரு கை அசைவிலிருந்து ஒரு நாட்டின் மனம் எப்படி மாறுகிறது என்று வாசித்துக் காட்டுவதுதான் லூக்காச்சின் பாணி.

என்னைக் கேட்டால் அவரைப் பழமைவாதி என்று சொல்வதில் தவறில்லை. சொல்லின் அர்த்தத்தைத்தான் அவரிடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்யூனிஸ்டுகிட்ட இருந்து தப்பி வந்தவர்தானே? அப்புறம் மெக்கார்த்தியை ஏன் எதிர்த்தார்?

1950-களின் தொடக்கத்தில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அரசு அலுவலகங்களிலும் வெளியிலும் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்தினார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்தவர்களில் பலர் கைதட்டினார்கள். லூக்காச் எதிர்த்து எழுதினார், அதுவும் கத்தோலிக்க வாசகர்கள் படிக்கும் பத்திரிகையில். அந்த நாளில் அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் மெக்கார்த்திக்குப் பெரிய செல்வாக்கு.

அவர் கணக்கு இப்படி: கம்யூனிசம் என்ற கொள்கையில் உயிர் இல்லை, புடாபெஸ்டில் அதை நம்பியவர்கள் எத்தனை பேர் என்று தனக்குத் தெரியும், ஆபத்து ரஷ்யப் படை ஐரோப்பாவின் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான். அது நிலப்பரப்பு சம்பந்தப்பட்ட விவகாரம், பேச்சு நடத்தி ஓரளவு தீர்க்கக்கூடியது. அதை விட்டுவிட்டு வாஷிங்டன் அலுவலகங்களில் பேய் தேடுவது வெறும் கூத்து. அந்தக் கூத்தில் அவர் இன்னொன்றையும் பார்த்தார்: மக்கள் பெயரைச் சொல்லி, ‘இவன் நம்மவன் இல்லை’ என்று கைநீட்டும் அரசியல். அதை அவர் ஏற்கெனவே ஒரு முறை புடாபெஸ்டில் பார்த்திருந்தார்.

தேசபக்தி வேற, தேசியவாதம் வேறன்னு சொல்றாரே. என்ன பெரிய வித்தியாசம்?

நாட்டுப்பற்று தற்காப்பு மனம் கொண்டது, தேசியவாதம் தாக்கும் மனம் கொண்டது என்கிறார். முன்னது ஒரு நிலத்தோடு, அதன் பழக்கவழக்கங்களோடு ஒட்டியது. கிட்டத்தட்ட நம் ஊர்ப்பற்று மாதிரி. உன் ஊர் உனக்குப் பிடிக்கும், என் ஊர் எனக்கு, சண்டைக்கு வேலையில்லை. பின்னது ‘மக்கள்’ என்ற ஒரு கற்பனை உடம்பைக் கட்டி எழுப்புவது. அந்த உடம்புக்கு எப்போதும் ஒரு எதிரி தேவைப்படும், வெளியே இல்லாவிட்டால் உள்ளேயே கண்டுபிடிப்பார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் மிக வலிய சக்தி வர்க்கமும் இல்லை, கம்யூனிசமும் இல்லை, தேசியவாதம்தான் என்பது அவர் தீர்மானம். 2005-இல் வெகுமக்கள்வாதத்தை, அதாவது மக்கள் பெயரைச் சொல்லி நடத்தும் அந்த அரசியலைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிக்கிறார்: தாராளவாதம் சோர்ந்துபோன ஜனநாயகத்தில் தேசியவாதமும் வெகுமக்கள்வாதமும் கைகோக்கும், அச்சமும் வெறுப்பும் அதற்குத் தீனி. அந்த நூல் வந்தபோது கிழவரின் புலம்பல் என்று சிலர் ஒதுக்கினார்கள். பத்து வருடம் கழித்து அப்படி ஒதுக்குவது அவ்வளவு எளிதாக இல்லை.

இவ்வளவு பெரிய ஆளுக்கு ஏன் பெரிய பல்கலைக்கழகத்துல வேலை கிடைக்கல?

கொலம்பியா, பிரின்ஸ்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களுக்கு வருகைப் பேராசிரியராகப் போய் வந்திருக்கிறார். நிரந்தரமாக இருந்தது செஸ்ட்நட் ஹில்லில்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரி அது. தொடங்கிய ஆண்டு 1924, அவர் பிறந்த அதே ஆண்டு.

இதில் நன்மையும் இருந்தது. ஆய்வு மாணவர் படை கிடையாது, துறை அரசியல் கிடையாது, ‘உங்கள் சிறப்புத் துறை எது’ என்று கேட்க ஆளும் கிடையாது. அதனால்தான் ராஜதந்திரம், நகர வரலாறு, அறிவுக் கோட்பாடு, வாழ்க்கை வரலாறு என்று மனம்போன போக்கில் எழுத முடிந்தது. விலையும் கொடுத்தார்: தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அவரை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காயம் அவருடைய எழுத்தில் அங்கங்கே எட்டிப் பார்க்கும், அவர் மறைக்கவும் முயலவில்லை.

வெறும் அஞ்சு நாளை வச்சு ஒரு புத்தகமா? என்ன இருக்கு அதுல?

1999-இல் வந்த ‘லண்டனில் ஐந்து நாட்கள்: மே 1940’. மே 24 வெள்ளி முதல் 28 செவ்வாய் வரை. நிலைமை இதுதான்: மே 10-ஆம் தேதி சர்ச்சில் பிரதமராகிறார், அதே நாள் ஜெர்மனி மேற்கில் பாய்கிறது. இரண்டு வாரத்தில் பிரான்ஸ் ஆட்டம் காண்கிறது, பிரிட்டிஷ் படை டன்கர்க் கடற்கரையில் மாட்டிக்கொள்கிறது. போர் அமைச்சரவையில் ஐந்து பேர்: சர்ச்சில், முன்னாள் பிரதமர் சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட். இத்தாலியின் முசோலினியை நடுவில் வைத்து, ஜெர்மனியிடம் என்ன சமாதான நிபந்தனை கிடைக்கும் என்று கேட்டுப் பார்ப்போமே என்கிறார் ஹாலிஃபாக்ஸ். கேட்கத் தொடங்கினாலே வழுக்கிவிடுவோம் என்கிறார் சர்ச்சில். 26 முதல் 28 வரை மூன்று நாளில் ஒன்பது முறை கூடிப் பேசுகிறார்கள்.

நமக்கு முடிவு தெரியும். டன்கர்க்கிலிருந்து 3,38,000 வீரர்கள் மீட்கப்பட்டார்கள் என்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் 26-ஆம் தேதி அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஐம்பதாயிரம் பேர் தப்பினாலே அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்த நேரம். லூக்காச் செய்யும் வித்தை, நமக்குத் தெரிந்ததை மறக்க வைப்பது. ஹாலிஃபாக்ஸைக் கோழையாகக் காட்டவில்லை. அறிவும் நாட்டுப்பற்றும் உள்ளவர், அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சேம்பர்லின் எந்தப் பக்கம் சாய்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கிறார். 28 மாலை சர்ச்சில் போர் அமைச்சரவையில் இல்லாத மற்ற அமைச்சர்களைக் கூட்டிப் பேசி அவர்களின் ஆதரவை வாங்கிக்கொண்டு திரும்புகிறார், விவாதம் முடிகிறது. அந்த நாட்களில் சர்ச்சில் போரை வெல்லவில்லை, தோற்காமல் பார்த்துக்கொண்டார் என்பதே நூலின் வாதம். வெல்வதற்குப் பின்னால் அமெரிக்காவும் ரஷ்யாவும் வேண்டியிருந்தன.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க் மேயர் ஜூலியானி இந்த நூலைப் படிப்பதாகச் சொன்னதும் விற்பனை கிடுகிடுவென ஏறியது. நூல்கள் பிழைக்கும் வழி நமக்கு எங்கே தெரிகிறது!

சர்ச்சில் பக்தரை நாம ஏன் படிக்கணும்? வங்கப் பஞ்சம் மறந்துபோச்சா?

மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1943 பஞ்சத்தில் வங்கத்தில் இறந்தவர்கள் இருபது முப்பது லட்சம். அதில் சர்ச்சில் அரசின் பொறுப்பு பற்றிய விவாதம் நமக்கு ஏட்டு விவகாரம் இல்லை. லூக்காச்சின் சர்ச்சில் ஐரோப்பாவின் சர்ச்சில். அந்த நிலவறையில் பதுங்கியிருந்தவனுக்கு 1940-இல் ஹிட்லரை மறித்து நின்றவர் யார் என்பதே எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. பேரரசின் இன்னொரு முனையில் நின்றவர்களுக்கு அதே ஆள் வேறு முகம்.

எனக்கு இதில் சமாதானம் சொல்லத் தெரியாது, சொல்லவும் விரும்பவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன்: நாட்டுப்பற்று தற்காப்பு, தேசியவாதம் தாக்குதல் என்று அழகாகப் பிரித்தாரே, அதில் பேரரசை எங்கே வைப்பது என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை. இந்திய வாசகர் அவரைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான்.

ஹிட்லர் பைத்தியம் இல்லைன்னு எழுதியிருக்காராம். அது வக்காலத்து மாதிரி இல்லையா?

நேர் எதிர். பைத்தியம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு முடிந்தது. செய்தது என்னவென்று அறியாதவனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது? ஹிட்லர் திறமை உள்ளவர், கணக்குப் போடத் தெரிந்தவர், மக்கள் ஆதரவு பெற்றவர். அதனால்தான் குற்றம் இன்னும் பெரிது என்கிறார். 1997-இல் வந்த ‘வரலாற்றின் ஹிட்லர்’ வாழ்க்கை வரலாறு அல்ல. ஹிட்லரைப் பற்றி எழுதியவர்கள் எப்படி எப்படி எழுதினார்கள் என்பதன் வரலாறு.

அதில் யூதப் படுகொலையை மறுத்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங்கை வரிவரியாகக் கிழித்துப் போட்டிருக்கிறார், சான்றுகளை எப்படி வளைத்தார் என்று காட்டி. இர்விங் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதால் பிரிட்டனில் நூல் வெளிவரத் தாமதமானது. 2000-இல் வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது இர்விங் போட்ட அவதூறு வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் தோற்றது, ஊருக்கே தெரியும்.

வலதுசாரிப் பக்கத்திலும் யாரையும் விட்டுவைக்கவில்லை. 2008-இல் அமெரிக்க வலதுசாரி அரசியல்வாதி பாட் புக்கானன், இரண்டாம் உலகப் போர் தேவையற்றது என்று ஒரு நூல் எழுதினார். புக்கானன் சேர்ந்து தொடங்கிய பத்திரிகையிலேயே லூக்காச் அதைக் கண்டித்து மதிப்புரை எழுதினார். இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும், அதைப் போட பத்திரிகைக்கும் வேண்டும்.

வரலாறு அறிவியல் இல்லைங்கிறார். அப்ப அது கதையா? நடுவுல இயற்பியல்காரர் ஹைசன்பர்க் எதுக்கு வர்றார்?

இவருடைய சிந்தனையின் மையம் இது. 1968-இல் வந்த ‘வரலாற்று உணர்வு’ என்ற நூலுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் உழைத்தார். தான் எழுதியதிலேயே முக்கியமானது அதுதான் என்று நினைத்தவர். அதிகம் பேர் படிக்காததும் அதைத்தான்.

வரலாறு என்பது நடந்ததன் பதிவு மட்டுமல்ல, நினைவில் இருக்கும் கடந்தகாலம். நினைப்பவர் ஒரு மனிதர். எனவே வெளியே நின்று பார்க்கும் பார்வையாளர் என்று யாரும் இல்லை. 1927-இல் ஹைசன்பர்க் அணுத்துகள் பற்றிச் சொன்னதும் இதற்கு நெருக்கம்: அளக்கும் செயலே அளக்கப்படுவதைத் தொடுகிறது. இயற்பியலைக் கடன் வாங்கி வரலாற்றுக்குப் பெருமை சேர்க்க அவர் முயலவில்லை. இயற்பியலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் மனிதர்கள்தான் செய்கிறார்கள், ஆகவே அறிவியல் வரலாற்றுக்குள் அடக்கம், வரலாறு அறிவியலுக்குள் அடக்கம் இல்லை என்று தலைகீழாகப் புரட்டுகிறார்.

‘அப்படியானால் ஆளுக்கொரு உண்மையா?’ என்று அடுத்த கேள்வி வரும். அதையும் மறுக்கிறார். பங்கேற்று அறிவது வேறு, இஷ்டத்துக்கு அறிவது வேறு. தாய் தன் பிள்ளையை அறிவது பற்றில்லாத அறிவு இல்லை, அதனால் அது பொய்யாகிவிடுமா? வரலாற்றாசிரியரின் வேலை பொய்களைக் களைந்துகொண்டே போவது என்பார்.

இதை வச்சு நடைமுறையில என்ன செய்றார்? கோட்பாடு பேசறவங்க நிறைய இருக்காங்களே.

மூன்று பழக்கங்களைச் சொல்லலாம். ஒன்று, நடந்ததைப் பற்றிப் பேசும்போதே நடந்திருக்கக்கூடியதையும் பக்கத்தில் வைப்பார். மே 1940 நூல் முழுக்க அதுதான். இரண்டு, உந்துதலையும் நோக்கத்தையும் பிரிப்பார். உந்துதல் பின்னாலிருந்து தள்ளுவது, நோக்கம் முன்னாலிருந்து இழுப்பது. இன்னொருவரின் உள்மன உந்துதலைத் தோண்டுவதில் நம் காலத்துக்கு இருக்கும் வெறி அவருக்குப் பிடிக்காது. 1941-இல் ஹிட்லர் ரஷ்யா மீது பாய்ந்தாரே, அதற்கு இனவெறியும் நில ஆசையும் மட்டும் காரணம் என்று நிறுத்தாமல், பிரிட்டனுக்கு மிச்சமிருந்த கடைசி நம்பிக்கையை உடைக்கும் கணக்கும் அதில் இருந்தது என்று வாதிடுகிறார்.

மூன்றாவது, சொற்கள். பணவீக்கம் போலச் சொல்வீக்கமும் உண்டு என்பது அவர் கண்டுபிடிப்பு. பட்டங்கள் பெருகினால் படிப்பின் மதிப்பு இறங்கும், ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்று தினமும் சொன்னால் எதுவும் சிறப்பில்லை. நம் ஊர்ச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருவார்.

நாவல் மாதிரி ஒரு வரலாறு எழுதினாராமே?

1998-இல். 1901 முதல் 1969 வரை, ஆண்டுக்கு ஒன்றாக 69 சின்னச் சின்னக் காட்சிகள். ஆட்கள் கற்பனை, காலம் நிஜம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஆசிரியரும் அவருடைய இன்னொரு மனசும் உட்கார்ந்து வாக்குவாதம் செய்வார்கள்: ‘இதை ஏன் எழுதினாய்? அந்த வருடம் இப்படி ஒருத்தி பேசியிருப்பாளா?’ எனக்கு அந்த வாக்குவாதங்கள்தான் காட்சிகளைவிடச் சுவை.

டோக்வில் பேரை அடிக்கடி இழுக்கறாரே?

அலெக்சி டி டோக்வில்தான் அவருக்கு ஆசான். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எழுதிய அந்தப் பிரெஞ்சுக்காரரின் கடிதங்களையும் குறிப்புகளையும் 1959-இல் தொகுத்து வெளியிட்டார். ஜனநாயகத்தை வெறுக்காமலே அதன் நோய்களைச் சொல்ல முடியும் என்பதை அவரிடம் கற்றுக்கொண்டார். சுவிஸ் வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட், டச்சு வரலாற்றாசிரியர் ஹைசிங்கா ஆகியோரும் இதே வரிசை.

ஜார்ஜ் கென்னன் கூட நட்புன்னு சொல்றாங்க. அவர் அரசாங்கத்து ஆள் ஆச்சே?

சோவியத் ஒன்றியத்தை அடக்கி வைக்கும் கொள்கையை வகுத்த ராஜதந்திரி கென்னன். 1950-களில் கடிதப் பழக்கமாகத் தொடங்கி ஐம்பது ஆண்டு நீடித்த நட்பு. கென்னன் 2005-இல் 101 வயதில் இறந்தார். லூக்காச் 2007-இல் அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார், 2010-இல் கடிதங்களும் நூலாயின. இருவரும் மெக்கார்த்தி விஷயத்தில் ஒரே பக்கம், ஈராக் விஷயத்திலும் ஒரே பக்கம். கார், நெடுஞ்சாலை, விளம்பரம் இவற்றின் மேல் இருவருக்கும் இருந்த எரிச்சலும் ஒன்றுதான். இரண்டு வயசானவர்கள் திண்ணையில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டுவது போல இருக்கும் சில கடிதங்கள். திட்டிவிட்டு இருவரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி ஏதோ குழுவுல இருந்தாராமே, உண்மையா?

உண்மைதான். பிலடெல்பியாவுக்கு வெளியே பீனிக்ஸ்வில் அருகே பிக்கரிங் ஓடைக்கரையில் வீடு. உள்ளூர் நிலத் திட்டக் குழுவில் உறுப்பினராக இருந்து, வயலும் தோப்பும் வீட்டுமனையாவதைத் தடுக்கப் போராடினார். பழமைவாதி எதையாவது பேண வேண்டும் என்று மேலே அவர் கேட்டதாகச் சொன்னேனே, அதை மேடையில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. வரைபடத்தோடு மாலைக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்.

குறையே இல்லாத மாதிரி பேசறீங்களே?

நிறைய உண்டு. சொன்னதையே திரும்பச் சொல்வார். மூன்று நூல் படித்தவருக்கு நான்காவதில் பாதி தெரிந்திருக்கும். தன் பழைய நூல்களைத் தானே மேற்கோள் காட்டுவார். சமூக அறிவியலையும் புள்ளிவிவரத்தையும் ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுவது நியாயமில்லை, பஞ்சத்தையும் கூலியையும் எண்கள் இல்லாமல் எப்படி எழுதுவது? அவருடைய உலகத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் பெரும்பகுதி. 1500 வாக்கில் தொடங்கிய ‘நவீன காலம்’ முடிந்துவிட்டது என்று அவர் துக்கம் கொண்டாடும்போது, அந்தக் காலத்தில் அடிவாங்கிய கண்டங்களிலிருந்து படிக்கிறவர்களுக்கு அதே துக்கம் வருவதில்லை.

எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?

ஐந்து நாள் நூல். பிடித்தால் ‘புடாபெஸ்ட் 1900’. அதன்பின் 1990-இல் வந்த அவருடைய சுயசரிதை. அவரோ அதைச் சுயசரிதை என்று ஒப்புக்கொள்ள மாட்டார், தன் வழியாகச் சொன்ன வரலாறு என்பார். ‘வரலாற்று உணர்வு’ நூலை முதலில் எடுத்துவிட்டு என்னைத் திட்டியவர்கள் இரண்டு பேர்.

வெகுமக்கள் அரசியல்னாலே பயப்படறவர், 1940-ல லண்டன் ஜனங்களை மட்டும் எப்படி நம்பினார்? முரண்பாடு இல்லையா?

இதுவரை கேட்டதிலேயே நல்ல கேள்வி, கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. லூக்காச் பொதுக்கருத்து வேறு, மக்கள் மனநிலை வேறு என்று பிரிக்கிறார். முன்னது பத்திரிகையிலும் மேடையிலும் சொல்லப்படுவது. பின்னது சொல்லப்படாமல் அடியில் ஓடுவது. மே 1940 நூலுக்கு ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற அமைப்பு சேகரித்த அன்றாடக் குறிப்புகளைப் பயன்படுத்தினார். பேருந்திலும் மதுக்கடையிலும் ஜனங்கள் என்ன பேசினார்கள் என்ற குறிப்புகள் அவை. தெருவில் இருந்தவர்கள் பல சமயம் மேல்தட்டு ஆட்களைவிடத் திடமாக இருந்ததை அவற்றில் கண்டார். அவருடைய பயம் ஜனங்களைப் பற்றி அல்ல, ஜனங்கள் பெயரில் உரக்கப் பேசும் சிறு கூட்டத்தைப் பற்றி என்று அவர் தரப்பில் சொல்லலாம்.

ஆனால் தலைமையாசிரியை விடவில்லை. ‘அப்படின்னா ஜெர்மனியில அடியில ஓடினது என்ன?’ என்றார். அங்கேயும் லூக்காச்சே எழுதியிருக்கிறார்: ஹிட்லர் மிரட்டி மட்டும் ஆளவில்லை, பெரும்பான்மை ஜெர்மானியர்களின் மனம் அவரோடு இருந்தது. லண்டனில் அந்த அடியோட்டம் சர்ச்சிலுக்குக் கைகொடுத்தது, பெர்லினில் ஹிட்லருக்கு. இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு விதி அவர் தரவில்லை. நானும் அந்த அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.